முன்னணையும் முதல் பந்தியும்

ஓசூர் சிப்காட்டில் ஷிப்ட் வேலை பார்க்கும் ஒரு தம்பி கேட்டிருக்கிறார்: "சொந்த ஊர் பர்கூர் பக்கம். சின்ன வயதில் கிறிஸ்மஸ் என்றால் உயிர். இப்போது டிசம்பர் வந்தாலே ஸ்டார், கேக், ஆஃபர், அவ்வளவுதான். 25ஆம் தேதி இயேசு பிறந்த நாளே இல்லை என்று வேறு சொல்கிறார்கள். சபைக்குப் போனால் அங்கே சண்டை. ரூமில் உட்கார்ந்து போனில் ஆராதனை பார்த்துவிட்டுத் தனியாக ஜெபம் செய்தால் போதாதா? கிறிஸ்மஸுக்கு உண்மையில் என்னதான் அர்த்தம்?"

தம்பி, நான் போதகர் இல்லை. கிருஷ்ணகிரிப் பக்கம் பிறந்து, பள்ளிக்கூடத்தில் முப்பது வருஷம் தமிழ் சொல்லிக்கொடுத்து ஓய்வு பெற்றவன். லூத்தரன் சபை. வீட்டம்மா எலத்தகிரிக்காரர், கத்தோலிக்கர். அதனால் எங்கள் வீட்டில் 24ஆம் தேதி நடுச்சாமப் பூசையும் உண்டு, 25 விடிகாலை ஆராதனையும் உண்டு. தூக்கம் 26ஆம் தேதிதான். இரண்டு பக்கமும் உட்கார்ந்து பார்த்தவன் என்ற தைரியத்தில் எழுதுகிறேன்.

தேதியை முதலில் முடித்துவிடுவோம். அதில் பெரிய சரக்கு இல்லை. நற்செய்தி நூல்கள் நான்கிலும் தேதி கிடையாது. 200ஆம் ஆண்டு வாக்கில் எழுதிய அலெக்சாந்திரியா கிளமெந்து, சிலர் மே மாதத்து நாள் ஒன்றைச் சொல்கிறார்கள் என்கிறார். டிசம்பர் 25 என்பது ரோமாபுரியில் 354இல் தொகுத்த ஒரு பஞ்சாங்கத்தில் இருக்கிறது. அதற்குள் இருக்கும் பட்டியல் 336ஆம் ஆண்டைச் சேர்ந்தது. சூரியனுக்கு எடுத்த விழாவின் நாளை எடுத்துக்கொண்டார்கள் என்பது ஒரு கட்சி. மரியாள் கருத்தரித்தது மார்ச் 25 என்று வைத்து ஒன்பது மாதம் எண்ணினார்கள் என்பது இன்னொரு கட்சி. ஆர்மீனிய சபையார் இன்றைக்கும் ஜனவரி 6இல்தான் கொண்டாடுகிறார்கள். என் பாட்டிக்கும் பிறந்த தேதி தெரியாது. கேட்டால் "ராகி அறுப்பு சமயம்" என்பாள். அதற்காக அவள் பிறக்கவில்லை என்று யாரும் வழக்காடவில்லை.

தேதியைவிடப் பெயரைக் கவனியுங்கள். கிறிஸ்மஸ் என்ற சொல்லில் பிறப்பு என்பதே இல்லை. இலங்கைத் தமிழர்கள் போர்த்துகீசியரிடமிருந்து எடுத்துக்கொண்டு 'நத்தார்' என்கிறார்களே, அதில் பிறப்பு இருக்கிறது. நம்முடையதில் இருப்பது கிறிஸ்துவும் 'மாஸ்' என்கிற பூசையும். அதாவது கிறிஸ்துவின் பேரால் நாலு பேர் கூடி, அப்பத்தைப் பிட்டுப் பகிர்கிற ஆராதனை. பெயரே கூடுகையின் பெயர். ரூமில் தனியாக இருந்தால் போதாதா என்று கேட்டீர்களே, அதற்குப் பாதிப் பதில் இதிலேயே இருக்கிறது. மீதிப் பாதிக்கு மாட்டுக் கொட்டகைக்குள் போக வேண்டும்.

நாம் சின்ன வயதில் மனப்பாடம் செய்த லூக்கா 2:7 உங்களுக்கு மறந்திருக்காது: "சத்திரத்திலே அவர்களுக்கு இடமில்லாதிருந்தபடியினால், பிள்ளையைத் துணிகளில் சுற்றி, முன்னணையிலே கிடத்தினாள்." முன்னணை என்ன என்று ஞாயிறு பள்ளிப் பிள்ளைகளைக் கேட்டுப் பாருங்கள், பாதிப் பேர் தொட்டில் என்பார்கள். கத்தோலிக்கர் வாசிக்கும் பொது மொழிபெயர்ப்பில் பச்சையாகத் 'தீவனத்தொட்டி' என்று போட்டுவிட்டார்கள். என் மனைவி அந்தச் சொல்லைக் கேட்டபோது முகம் சுளித்தது நினைவிருக்கிறது. முன்னணை என்றால் கொஞ்சம் மரியாதையாக இருந்ததாம். மாட்டுக்குச் சோளத்தட்டு போடுகிற இடம்தான் இரண்டும்.

அடுத்தது சத்திரம். லூக்கா எழுதிய கிரேக்கச் சொல் 'கட்டலூமா'. நல்ல சமாரியன் கதையில் அடிபட்டவனைக் கொண்டுபோய்ச் சேர்க்கிறாரே, அந்தக் காசு வாங்கும் சத்திரத்துக்கு லூக்கா வேறு சொல்லை வைத்திருக்கிறார். கட்டலூமா என்பது வீட்டில் விருந்தாளி தங்கும் அறையையும் குறிக்கும். அப்படி எடுத்துக்கொண்டால் காட்சியே மாறுகிறது. யோசேப்பின் சொந்த ஊர், உறவுக்காரர் வீடு, குடிமதிப்புக்கு ஊரே வந்து இறங்கியிருக்கிறது, விருந்தாளி அறையில் கால் வைக்க இடமில்லை. அந்தக் காலத்துப் பாலஸ்தீன வீடுகளில் மனிதர் படுக்கும் மேட்டுக்குக் கீழே, அதே கூரைக்குள், ராத்திரி மாடு ஆடுகளைக் கட்டுவார்கள். தீவனத்தொட்டி அந்த மேட்டோரத்திலேயே இருக்கும். என் பாட்டி வீடும் அப்படித்தான். ஓட்டு வீடு, நுழைந்ததும் வலப்பக்கம் இரண்டு மாடு, ஒரு கன்று, கல் தொட்டி. இடப்பக்கம் நாங்கள் வரிசையாகப் பாயில். மார்கழிக் குளிரில் மாட்டின் மூச்சுச் சூடு எங்கள் பக்கம் வரும். ராத்திரி முழுக்க அசை போடும் சத்தம். பெத்லகேமைப் புரிந்துகொள்ள எனக்கு வேறு படம் தேவைப்பட்டதில்லை. மத்தேயுவிலும், நட்சத்திரத்தைப் பார்த்துக் கிழக்கிலிருந்து வந்த சாஸ்திரிகள் 'வீட்டுக்குள்' போய்த்தான் பிள்ளையைப் பார்க்கிறார்கள். (அவர்கள் மூன்று பேர் என்றோ ராஜாக்கள் என்றோ மத்தேயு சொல்லவில்லை. அது பிற்பாடு சேர்ந்தது. இருக்கட்டும், அந்தக் கிரீடம் இல்லாவிட்டால் பிள்ளைகள் நாடகத்துக்கு வரமாட்டார்கள்.)

இன்னொன்று. சத்திரக்காரன் என்று ஒருவன் லூக்காவில் கிடையாது. ஒவ்வொரு வருஷமும் கிறிஸ்மஸ் நாடகத்தில் மீசை ஒட்டிக்கொண்டு "இடமில்லை, போ போ" என்று கத்துவானே ஒரு பையன், அவன் நாமாகச் சேர்த்த ஆள். குடிலில் நாம் வைக்கும் மாடும் கழுதையும்கூட நற்செய்தியில் இல்லை. 1223இல் அசிசி பிரான்சிஸ் இத்தாலியில் கிரேச்சோ என்ற ஊரில் நிஜ மாட்டையும் கழுதையையும் கட்டி அந்த ராத்திரியைக் காட்டினார். குடில் வைக்கும் வழக்கம் அதிலிருந்து பரவியது. எலத்தகிரியில் மாமியார் வீட்டுக் குடிலுக்குப் புல் வேண்டுமென்று இரண்டு வாரம் முன்பே தட்டில் ராகியை முளைக்கப் போடுவார்கள். பெத்லகேமில் ராகி விளையாதுதான். ஆனால் நம் ஊரில் பிறந்தால் வேறு எதன்மேல் படுத்திருப்பார்?

உங்கள் வேலையையும் இந்தக் கதைக்குள் பார்க்க வேண்டும். முதலில் செய்தி யாருக்குப் போனது? வயல்வெளியில் ராத்திரி மந்தை காத்தவர்களுக்கு. நம் பக்கம் அறுப்பு முடிந்த காட்டில் எருவுக்காக ஆட்டுக்கிடை மறிப்பார்கள். கம்பளியைப் போர்த்திக்கொண்டு, தடியை ஊன்றிக்கொண்டு, நரி வருகிறதா, களவு போகிறதா என்று விடிய விடிய உட்கார்ந்திருப்பவர்கள் அவர்கள். ஊர்த் திருவிழா என்றாலும் ஆட்டை விட்டுவிட்டு வர முடியாது. இன்றையக் கணக்குக்கு நைட் ஷிப்ட். கொண்டாட்டத்துக்கு வர முடியாதவனைத் தேடிக் கொண்டாட்டம் போனது. லீவு கிடைக்காமல் 24 ராத்திரி மிஷின் முன்னால் நின்றால், கிறிஸ்மஸ் நம்மை விட்டுப் போய்விட்டது என்று நினைக்க வேண்டாம் தம்பி.

இனி சபை ஐக்கியம். ஐக்கியம் என்று நாம் எல்லாவற்றுக்கும் போட்டுவிடுகிறோம்: ஐக்கியக் கூட்டம், ஐக்கிய விருந்து, வாலிபர் ஐக்கியம். மூலத்தில் 'கொய்னோனியா'. அப்போஸ்தலர் 2:42இல் நம் பழைய மொழிபெயர்ப்பு இதை 'அந்நியோந்நியம்' என்கிறது. புருஷன் பெண்டாட்டி அன்னியோன்னியமாக இருக்கிறார்கள் என்கிறோமே, அதே சொல். கத்தோலிக்கர் 'நட்புறவு' என்கிறார்கள். மூன்றும் அழகான சொற்கள்தான், ஆனால் கொஞ்சம் வாசனைத் தண்ணீர் தெளித்த மாதிரி இருக்கின்றன. புதிய ஏற்பாட்டில் அதே வேர் வேறு எங்கெல்லாம் வருகிறது பாருங்கள். யாக்கோபும் யோவானும் மீன்பிடிப்பில் சீமோனுக்குக் 'கூட்டாளிகள்', அதற்கு இந்த வேர்ச்சொல். எருசலேமில் இருந்த ஏழைகளுக்காகப் பவுல் வசூலித்த பணத்துக்கும் கொய்னோனியா என்றே பெயர். படகும் வலையும் பணமும் சம்பந்தப்பட்ட சொல் இது.

நமக்குத் தெரிந்ததில் சொல்வதென்றால் கூட்டுக் கிணறு. தாத்தா வெட்டிய கிணறு, இப்போது ஐந்து பங்காளி, ஆளுக்கு இத்தனை மணி நேரம் முறைத் தண்ணீர். பாலக்கோடு, காவேரிப்பட்டணம், எங்கே போனாலும் கூட்டுக் கிணறு இருக்கிற இடத்தில் வாய்ச்சண்டை இருக்கும். மோட்டார் காயில் புகைந்தால் யார் காசு, மடையை யார் திருப்பினது, முறை தாண்டி யார் பாய்ச்சினது. பேச்சுவார்த்தை இல்லாத பங்காளிகள்கூடத் தண்ணீர் முறைக்குக் கிணற்று மேட்டில் வந்து நிற்பார்கள். சண்டை வருகிறதே என்று கிணற்றை மூடினவர் எவரும் இல்லை. சபையில் சண்டை என்று எழுதியிருக்கிறீர்கள். எனக்கு அதில் ஆச்சரியமே இல்லை. பங்கு இல்லாத இடத்தில் யார் சண்டை போடுவார்கள்?

எங்கள் லூத்தரன் சபை இந்தப் பக்கம் வந்ததே ஒரு கருத்து வேறுபாட்டால்தான். ஜெர்மனியின் லூத்தரன் மிஷனான லைப்சிக் மிஷனில் வேலை பார்த்த தியோடர் நேத்தர், மோன் என்ற இரண்டு ஜெர்மானியர்கள் வேத உபதேசத்தில் ஒத்துவராமல் அதைவிட்டு விலகி, அமெரிக்காவின் மிசூரி சபையில் சேர்ந்தார்கள். அந்தச் சபை அனுப்பி 1895இல் கிருஷ்ணகிரியில் வேலை தொடங்கியது. 1904இல் நேத்தர் பிளேக் நோய் கண்டு கிருஷ்ணகிரியிலேயே இறந்தார். விலகிவந்த மனிதர்தான், ஆனால் கொள்ளைநோய்க் காலத்தில் இந்த ஊரைவிட்டு விலகவில்லை. கத்தோலிக்கர் கதை இன்னும் பழசு. தருமபுரிப் பக்கம் கோவிலூர், ஓசூர்ப் பக்கம் மத்திகிரி எல்லாம் பல தலைமுறை கண்ட ஊர்கள். சேலத்திலிருந்து பிரித்துத் தருமபுரியைத் தனி மறைமாவட்டம் ஆக்கியது 1997இல்தான். ஆலயம் வருவதற்கு முன்னால் கும்பல் இருக்கும், மறைமாவட்டம் வருவதற்கு முன்னால் ஊர் இருக்கும். அதைச் சொல்லத்தான் இதை இழுத்தேன்.

இப்போது என் குற்றத்தைச் சொல்ல வேண்டும். பதினைந்து வருஷம் ஆகிறது. நான் அப்போது சபைச் செயலர். கிறிஸ்மஸ் மதியம் அன்பின் விருந்து, ஆட்டுக்கறிப் பிரியாணி. முந்தைய வருஷம் சோறு பற்றாமல் போனதால் கமிட்டியில் பேசி ஒரு ஒழுங்கு செய்தோம். வருஷச் சந்தா கட்டினவர்களுக்கு டோக்கன். யோசனை என்னுடையது. நோட்டு என் கையில். பாக்கி வைத்தவர்கள் பேருக்கு நேரே சிவப்பு மையில் வட்டம் போட்டிருந்தேன். வாத்தியார் புத்தி எங்கே போகும்.

காலை ஆராதனையில் லூக்கா இரண்டாம் அதிகாரத்தை நான்தான் வாசித்தேன். அதற்குமுன் ஞாயிறு பள்ளிப் பிள்ளைகளிடம் சத்திரக்காரன் வேதத்தில் இல்லை என்று இப்போது உங்களுக்குச் சொன்னதையெல்லாம் விளக்கினேன். பன்னிரண்டரைக்கு முதல் பந்தி. பெரியவர்கள், கமிட்டிக்காரர்கள், வெளியூர் விருந்தாளிகள். ஒன்றரைக்கு இரண்டாம் பந்தி. இரண்டரை இருக்கும், பெங்களூரில் கட்டட வேலை பார்க்கிற எங்கள் சபைக் குடும்பங்கள் நாலைந்து பஸ் இறங்கி வந்தார்கள். 24 ராத்திரிவரை சென்ட்ரிங் வேலை முடித்து, கூலி வாங்கிக்கொண்டு கிளம்பினவர்கள். ஒரு அம்மா, இரண்டு பிள்ளைகள், கையில் எவர்சில்வர் தூக்கு. பிள்ளைகள் சட்டையில் மடிப்புக் கலையவில்லை, விலைச்சீட்டு நூல் காலரில் தொங்குகிறது.

"ஐயா, சோறு இருக்குதுங்களா?"

"டோக்கன் இருக்காம்மா?"

அந்த அம்மா என் கையிலிருந்த நோட்டைப் பார்த்தார். எழுத்து தெரியாது என்று எனக்குத் தெரியும். ஆனால் சிவப்பு வட்டம் தெரியும் அல்லவா? "பரவாயில்லைங்க ஐயா, பசங்க பஸ்ஸுலயே பன்னு தின்னுட்டாங்க" என்று தூக்கை முந்தானைக்குள் மறைத்துக்கொண்டார். பின்னால் சமையல்காரர் அன்னவெட்டியால் தேக்சாவின் அடியைச் சுரண்டும் சத்தம். அடிப்பிடித்த சோற்றை வழித்து அவர்தான் கூப்பிட்டுக் கொடுத்தார். நான் கொடுக்கவில்லை.

வீட்டுக்கு நடந்து வரும்போது மனைவி ஒன்றும் பேசவில்லை. வாசல் கேட்டைத் திறக்கும்போது மட்டும் சொன்னார்: "வேதத்துல இல்லாத சத்திரக்காரர் எங்க இருக்காருன்னு தெரிஞ்சுபோச்சு."

அன்று ராத்திரி கொரிந்தியருக்கு எழுதின முதல் நிருபத்தை எடுத்தேன். பதினோராம் அதிகாரம் எங்களுக்குத் திருவிருந்து நடக்கும் ஞாயிறுகளில் கேட்டுக் கேட்டுப் பழகினது. ஆனால் அப்பம், பாத்திரம் வரும் வசனங்கள் மட்டும்தான் காதில் நிற்கும். அதைச் சுற்றிப் பவுல் போடுகிற சண்டை நிற்காது. ஏறத்தாழ 55ஆம் ஆண்டு. கொரிந்து ஊரில் சபை கூடுவது வசதியானவர்கள் வீட்டில். அவர்கள் முன்னதாகவே தின்று குடித்து முடிக்கிறார்கள். வேலை முடித்து வருகிற கூலிக்காரரும் அடிமைகளும் வரும்போது ஒன்றும் இல்லை. "ஒருவன் பசியாயிருக்கிறான், ஒருவன் வெறியாயிருக்கிறான்." இது கர்த்தருடைய இராப்போஜனமே இல்லை என்கிறார். தீர்வாகப் பெரிய தத்துவம் எதுவும் சொல்லவில்லை. "நீங்கள் போஜனம்பண்ணக் கூடிவரும்போது, ஒருவருக்காக ஒருவர் காத்திருங்கள்." முடிந்தது.

கட்டலூமா என்றேனே, அந்தச் சொல் லூக்காவில் இன்னும் ஒரே ஒரு இடத்தில் வருகிறது. இயேசு கடைசிப் பஸ்கா விருந்துக்கு இடம் கேட்டு அனுப்புகிறாரே, அந்த விருந்தறை. பிறந்தபோது எந்த அறையில் இடமில்லையோ, அதே பெயருள்ள அறையில் பந்தி போட்டுக் காட்டிக்கொடுக்கப் போகிறவனையும் உட்கார வைத்துவிட்டுப் போகிறார். கிறிஸ்மஸுக்கு என்ன அர்த்தம் என்று நீங்கள் கேட்டதற்கு இந்த இரண்டு அறைகளுக்கு நடுவில்தான் என் பதில் இருக்கிறது. எனக்குத் தெரிந்து வேறு பதில் இல்லை.

அதியமான் ஊர்க்காரர்கள் நாம். நெல்லிக்கனிக் கதை எல்லோருக்கும் தெரியும். வகுப்பில் நான் ஆசையாக நடத்தியது ஔவை அவனைப் பாடிய வேறொரு பாட்டு: ஒரு நாள் போனாலும் சரி, இரண்டு நாள் போனாலும் சரி, பல நாள் பல பேரோடு போனாலும் சரி, முதல் நாள் காட்டிய விருப்பத்தையே காட்டுவான் என்பாள். முப்பது வருஷம் அதற்குப் பதவுரை எழுதிப்போட்டவன் நோட்டை வைத்துக்கொண்டு பந்தி வாசலில் நின்றேன்.

அடுத்த வருஷம் டோக்கனை எடுத்தோம். எடுத்ததும் எல்லாம் சரியாகிவிட்டது என்று எழுத ஆசைதான். ஆகவில்லை. கடன் விழுந்தது. "சந்தா கட்டினவனுக்கு என்ன மரியாதை?" என்று ஒரு பெரியவர் கோபித்துக்கொண்டு இரண்டு வருஷம் விருந்துப் பக்கமே வரவில்லை. பிரியாணி போய்க் குஸ்காவும் தனியாகக் கறிக்குழம்பும் ஆனது. வீட்டுக்கு இரண்டு படி அரிசி, முடிந்தவர் தரலாம் என்று வைத்தோம். ஒரு வீட்டில் கச்சாயம் சுட்டு அனுப்பினார்கள், இன்னொரு வீட்டில் காட்டில் பறித்த மொச்சை. முதல் பந்தி என்பதற்கு ஒரே ஒரு விதிதான் மிச்சம்: பெங்களூர் பஸ் வராமல் இலை போடுவதில்லை. மூன்று மணி ஆனாலும் சரி. பசி தாங்காத சர்க்கரை நோய்க்காரர்களுக்கு மட்டும் முன்னதாக இரண்டு இட்லி. அதில் இப்போது நானும் ஒருவன்.

போனில் ஆராதனை பற்றிக் கேட்டீர்கள். குறையே சொல்ல மாட்டேன். கொரோனா சமயத்தில் ஆலயம் பூட்டிக்கிடந்தபோது என் அக்கா அந்தச் சின்னத் திரையைப் பார்த்துத்தான் ஈஸ்டர் பாட்டுப் பாடினார். படுக்கையில் இருப்பவர்களுக்கு அது வரம். பிரசங்கம் போனில் நன்றாகவே வரும், சில சமயம் நம் போதகர் ஐயரைவிடத் தேவலை. ஆனால் போன் நமக்காகக் காத்திருக்காது, நாமும் அதில் யாருக்காகவும் காத்திருக்க வேண்டியதில்லை. பிடிக்காத ஆள் பாடினால் தள்ளிவிடலாம். ஆலயத்தில் பக்கத்து இருக்கையில் ராகம் தப்பிப் பாடுகிறவரைத் தள்ள முடியாது. அவர் இருமினால் தண்ணீர்ப் பாட்டிலை நீட்டித்தான் ஆக வேண்டும்.

சண்டை நிஜமாகவே தாங்க முடியாததாக இருந்தால், பண மோசடி, சாதி பார்த்து உட்கார வைப்பது, பெண் பிள்ளைகளிடம் தப்பாக நடப்பது என்று இருந்தால், பொறுத்துப் போ என்று நான் சொல்ல மாட்டேன். எழுந்து கேளுங்கள். கேட்டும் நடக்காவிட்டால் வேறு சபைக்குப் போங்கள். ஓசூரில் தமிழ், தெலுங்கு, கன்னடம் மூன்றிலும் ஆராதனை கிடைக்கும். ஆனால் யார் கீபோர்டு வாசிப்பது, கேரலுக்குக் குட்டியானை வண்டியா டிராக்டரா என்பது மாதிரிச் சண்டை என்றால், அது கிணற்று மேட்டுச் சண்டை. போய் நில்லுங்கள், உங்கள் முறை வரும்.

இந்த வருஷம் 25ஆம் தேதி உங்களுக்கு லீவு உண்டா என்று எழுதவில்லை. நைட் ஷிப்ட் முடிந்து காலையில்தான் கிளம்ப முடியும் என்றாலும் பரவாயில்லை, ஓசூரிலிருந்து கிருஷ்ணகிரிக்கு பஸ்ஸுக்குப் பஞ்சமில்லை. உங்கள் சபையில் என்ன ஏற்பாடோ எனக்குத் தெரியாது. எங்களிடம் வருவதானால் மூன்று மணிவரை இலை விரிக்க மாட்டோம். ரூமில் கூட இருப்பவர்கள் யாராவது ஊருக்குப் போக முடியாமல் தங்கியிருந்தால், எந்த ஊர், எந்த சாமி என்று பார்க்காமல் அவர்களையும் கூட்டி வாருங்கள். வர முடியாதவர்களுக்கு எடுத்துப்போக ஒரு தூக்கு கொண்டுவாருங்கள். பெரிய தூக்காகவே இருக்கட்டும்.